ஒன்றாம் வகுப்புக்கு மே மாத ஒத்திகை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: ஜூனில் பள்ளி திறக்கிறது. அ, ஆ எழுதுவது இருக்கட்டும். பிள்ளை மிரளாமல் போய்வர வீட்டில் என்னென்ன பழக்க வேண்டும்?

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:
முதல் வாரத்து அழுகை எல்லாமே அம்மா ஏக்கம் இல்லை. டிபன் மூடிக்கும் அதில் பங்கு உண்டு. நாலு பக்கமும் கிளிப் வைத்த டப்பா சின்ன விரலுக்கு மசியாது. எவர்சில்வர் டப்பா இன்னும் மோசம். சூட்டோடு சாதத்தைப் போட்டு இறுக்கி மூடினால், உள்ளே ஆவி குளிர்ந்து மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருக்கும். ஆறவிட்டு மூடுங்கள். திறக்க வராத பிள்ளை அதை வெளியே சொல்லாது, "பசிக்கலை மிஸ்" என்றுதான் சொல்லும். தண்ணீர் பாட்டிலும் அப்படியே. கொடுத்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். பத்து நாள் மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே டப்பாவில் கட்டிக் கொடுங்கள். நீங்கள் கை வைக்கக் கூடாது.

அங்கன்வாடிப் பணியாளர்:
கழிப்பறையை விட்டுவிட்டீர்களே. வெஸ்டர்னில் பழகிய பிள்ளை பள்ளியில் குந்தி உட்காரத் தெரியாமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கும். டிராயரில் கொக்கி, அதற்கு மேல் பெல்ட் என்றால் அவிழ்ப்பதற்குள் நனைந்துவிடும், இடுப்பில் எலாஸ்டிக் போதும். "மிஸ், ஒன்னுக்குப் போகணும்" என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். முணுமுணுத்தால் நாற்பது பிள்ளைகள் இரைச்சலில் யார் காதிலும் விழாது.

பை தைப்பவர்:
ஒன்று, இரண்டாம் வகுப்புப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கும் கார்ட்டூன் பை வெறுமனே 600 கிராம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு 650, டிபன் 350. ஒரு நோட்டு வைக்கும் முன்பே 1,600 ஆகிவிட்டது! 300 கிராமுக்குள் சாதாரணத் துணிப்பை வாங்குங்கள். அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்காதபடி வாரை இழுத்துவிடுங்கள். ஜிப் இழுப்பானில் ஒரு நாடாத் துண்டு கட்டிவிட்டால் பிடிக்கச் சுலபம்.

இன்னொரு உறுப்பினர்:
அரசுப் பள்ளி என்றால் காலை உணவும் அங்கேயே உண்டு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வரும். வீட்டில் தோசை மட்டுமே தின்னும் பிள்ளைக்கு மே மாதத்திலேயே வாரம் இரண்டு நாள் உப்புமா கொடுங்கள். தரையில் சம்மணம் போட்டு, தட்டில் தானே பிசைந்து சாப்பிடட்டும். ஊட்டிவிட அங்கே ஆள் இல்லை.

மீண்டும் ஆசிரியை:
அது சரி. வாசலில் விடும்போது ஒன்று கவனியுங்கள். பிள்ளை பார்க்காத நேரம் நழுவிப் போகாதீர்கள், அன்று முழுக்க அதன் கண் கதவிலேயே இருக்கும். "சீக்கிரம் வரேன்" என்பதும் வேண்டாம். அதற்கு மணி பார்க்கத் தெரியாது. "சாப்பாட்டு மணி அடிக்கும், அப்புறம் விளையாட்டு, அப்புறம் அம்மா கேட் பக்கத்துல நிப்பேன்" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன பிள்ளை இரண்டாவது திங்கட்கிழமை அழும். தினமும் போக வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அதற்குப் புரிகிறது. பயந்து லீவு போட்டுவிடாதீர்கள், செவ்வாய்க்கிழமை இரட்டிப்பாக அழும்.