வில்லேற்றமா, தூக்கிக்கட்டா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வண்டியின் அச்சுக்கு மேலே உள்ள பாகத்தை இன்னும் உயர்த்தி நிறுத்தும் சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இடைநீக்க உயர்த்தல், தொங்கல் உயர்த்தம், வண்டி உயர்த்தல். முதலாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இடைநீக்கம் அலுவலர்களுக்குக் கிடைப்பது; எஸ்யூவிக்கு அதை வாங்கிக் கொடுத்தது மொழிபெயர்ப்பு எந்திரம். தொங்கல் கொஞ்சம் யோசித்து வந்த சொல்தான். பழைய குதிரைக் கோச்சுகளில் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கத்தான் விட்டிருந்தார்கள். இன்றைய வண்டியில் சட்டகம் (சேஸி) வில்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொங்கல் என்றால் படிப்பவர் மனத்தில் தவறான படம்தான் விழும்.

வண்டி உயர்த்தல் எல்லோருக்கும் புரியும். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. எது எதிலிருந்து உயர்கிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. காடுமேட்டில் ஓட்ட ஆசைப்பட்டுக் குறைந்த செலவில் வண்டியை உயர்த்துகிறவர்கள் பணத்தை வீணாக்குவதே அந்த இடத்தில்தான்.

வண்டியைக் கீழிருந்து மேலே பாருங்கள். தரை, டயர், அச்சு, வில், சட்டகம், கூடு (பாடி). உயரத்தை மூன்று இடங்களில் கூட்டலாம். பெரிய டயர் போட்டால் அச்சோடு சேர்த்து எல்லாமே உயரும். அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே கூட்டினால் சட்டகமும் அதற்கு மேலே உள்ளவையும் உயரும். சட்டகத்துக்கும் கூட்டுக்கும் நடுவே கட்டை வைத்தால் கூடு மட்டும் உயரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். பாறைக்கு வித்தியாசம் தெரியும்.

இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு அச்சு உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் டிஃபரன்ஷியல் குண்டு, அதாவது இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் உள்ள உருண்டைக் கூடு. வில்லுக்கு 50 மி.மீ. ஏற்றம் தரும் ஸ்பேசர் (இடையில் செருகும் துண்டு) வைத்தாலும் அந்தக் குண்டு ஒரு மி.மீ.கூட உயராது, ஏனென்றால் அது வில்லுக்குக் கீழே இருக்கிறது. குறைந்த செலவில் அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. டயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் குண்டு 25 மி.மீ. உயரும். அப்படியானால் ஸ்பேசர் எதற்கு? முன்பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறும் கோணம், வயிறு தட்டாமல் முகட்டைக் கடக்கும் கோணம், இறங்கும்போது பின்பம்பர் தப்பிக்கும் கோணம் ஆகிய மூன்றும் கூடும். பெரிய டயர் உரசாமல் உட்கார இடமும் கிடைக்கும். சக்கரங்கள் தனித்தனியே ஆடும் வண்டிகளில் டிஃபரன்ஷியல் மேலே பிணைந்திருப்பதால் அதுவும் சேர்ந்து உயரும்; அங்கே கணக்கு வேறு.

ஆகவே இடைவெளி எங்கே கூடுகிறது என்பதைச் சொல்லே காட்டிவிட வேண்டும். அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடைப்பட்ட அடுக்குக்கு நம்மிடம் நல்ல வேர் ஒன்று இருக்கிறது. வில் வைத்த மாட்டு வண்டியை வில்வண்டி என்றுதானே சொல்லிவந்தோம்? அதிலிருந்து வில்லேற்றம். கூடு மட்டும் உயர்ந்தால் கூட்டேற்றம். சட்டகமும் கூடும் ஒரே உடலாக அமைந்த வண்டிகளில் கூட்டேற்றம் என்ற பேச்சே எழாது என்பதையும் இந்தச் சொல்லை வைத்தே விளக்கிவிடலாம். டயர் வழிக்குத் தனிச்சொல் தேவையில்லை, பெரிய டயர் என்றால் போதும்.

ஸ்பேசருக்கு அண்டை என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஆடுகிற மேசைக்காலுக்கு அட்டையை மடித்து அண்டை கொடுக்கிறோமே, அதே வேலைதான். சுருள்வில்லுக்கு வைப்பது அண்டைவளையம். பட்டைவில்லுக்கும் அச்சுக்கும் இடையில் வைப்பது அண்டைக்கட்டை. முட்டு என்ற சொல்லையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் வில் முழுதாக அமுங்கும்போது அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பருக்கு அது தேவைப்படும் என்று விட்டுவிட்டேன்.

———

மறுமொழி:

ஐயா, வணக்கம். நான் பட்டறைக்காரன், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

அடுக்கு விளக்கம் சரி. வாடிக்கையாளருக்கு இதைப் புரியவைப்பதுதான் எங்களுக்குத் தினசரி வேலை. ஆனால் வில்லேற்றம் என்றால் புது வில் போடுவது என்றுதான் முதலில் தோன்றுகிறது. செலவைக் குறைக்க நினைக்கிறவர் வில்லை மாற்றுவதே இல்லை. முன்னால், சுருள்வில் சூழ்ந்திருக்கும் ஷாக்கின் (அதிர்வை அடக்கும் தண்டின்) தலையில் ஒரு வளையம் வைப்பார். பின்னால், பட்டைவில்லின் முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டுவார், இல்லையென்றால் பட்டையோடு இன்னொரு பட்டை சேர்ப்பார். ‘வண்டியைத் தூக்கிக் கட்டியிருக்கு’ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தூக்கிக்கட்டு என்பதையே சொல்லாக வைத்தால் என்ன? வேட்டி கட்டுகிறவருக்குக்கூட உடனே புரியும்.

இன்னொன்று. எந்தச் சொல் வைத்தாலும் அளவை எப்படிச் சொல்வது என்றும் முடிவு பண்ணுங்கள். சக்கரத்தைப் பிடிக்க மேலும் கீழுமாக இரண்டு கைகள் உள்ள முன்பக்கத்தில் ஷாக்கின் கால் கீழ்க்கையின் ஏறக்குறைய நடுவில் நிற்கும். அங்கே தலையில் வைத்த 25 மி.மீ. வளையம் வண்டியைச் சுமார் 50 மி.மீ. தூக்கும். ஷேக்கிளில் இது தலைகீழ், 50 மி.மீ. நீட்டினால் 25 தான் உயரும். ‘50 வளையம் வேண்டும்’ என்று கேட்கிறவர் எந்த 50-ஐச் சொல்கிறார் என்று புரியாமல் வேலையில் கை வைக்க முடியாது.

அண்டைக்கட்டைக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுங்கள். அதைப் பின் அச்சுக்கு மட்டும்தான் வைக்க வேண்டும். திருப்புகிற முன் அச்சில் வைத்தால், பிரேக் பிடிக்கும்போது கட்டை முறுக்கிக்கொண்டு நழுவப் பார்க்கும்.

———

மறுமொழிக்கு மறுமொழி:

தூக்கிக்கட்டு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது மூன்று வழிகளுக்கும் பொருந்துகிற பொதுச்சொல். வண்டியைத் தூக்கிக்கட்டுவது என்று வினையாகவே வைத்துக்கொள்ளலாம், அதற்குள் வில்லேற்றமும் கூட்டேற்றமும் அடங்கட்டும். வில் மாறவில்லையே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வில்வண்டி என்று சொல்லும்போதும் நாம் வில்லை மட்டும் குறிப்பதில்லை, வில்லின் மேல் நிற்கிற அமைப்பையே குறிக்கிறோம். வில்லேற்றத்திலும் வில் என்பதை உறுப்பாக எடுக்காமல் அடுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். புது வில்லே போட்டால் ‘வில் மாற்றி வில்லேற்றம்’, வளையம் வைத்தால் ‘அண்டை வில்லேற்றம்’ என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது.

அளவு பற்றிச் சொன்னது மிக முக்கியம். அண்டைத் தடிமன், ஏற்ற அளவு என்று இரண்டு சொற்களாகவே பதிவு செய்வோம். ஏற்ற அளவு என்பது சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை, வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த உயரங்களின் வேறுபாடு. டயர் மாறினாலும் இந்த எண் மாறாது.

அண்டையை மலிவு வழி என்று மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம் என்பது என் கருத்து. வளையம் மலிவு, அது இழுத்துவிடுகிற வேலைகள் மலிவு அல்ல. ஷாக்கின் தலைக்கு மேலே வளையம் வைத்தால் ஷாக்கின் ஓட்டம் (சுருங்கி விரியும் நீளம்) மாறாமல் இருக்கும், ஆனால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். அப்போது டிரைவ் ஷாஃப்ட் மூட்டு அதிகம் மடங்கும், பிரேக் குழாய் விறைக்கும். சுருளுக்கும் அதன் தட்டுக்கும் நடுவே வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நிற்கும் நிலையிலேயே ஷாக் முன்பைவிட அதிகம் விரிந்திருப்பதால் பள்ளத்தில் சக்கரம் இறங்க இடம் குறைந்துபோகும். அண்டைவளையம் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் குழப்பம்தான். தலையண்டை, சுருளண்டை என்று பிரிக்கலாமா? தலையண்டை என்றதும் தலையணை நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும்.

அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் ஒற்றைத் தண்டு உள்ள வண்டியில், ஏற்றம் கூடக் கூட அச்சு ஒரு பக்கமாக நகரும். சில வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. சட்டகத்துக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது சுமையைக் கணிக்கிறது. பின்பக்கம் வில்லேற்றம் செய்துவிட்டால் பாரம் குறைந்துவிட்டதாக நினைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியையும் சரிசெய்ய வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை. இதைச் சுமையுணர் வால்வு என்று பதிவு செய்கிறேன்.

சக்கரக் கோணங்கள்தான் மீதி. முன்பக்கத்தை உயர்த்தியதும் பெரும்பாலும் கேஸ்டர் (முன்சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்தக் கோட்டின் பின்னோக்கிய சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பத் தயங்கும், வேகத்தில் வண்டி அலையும். பொடி எழுத்தில் போடுகிற சங்கதி அல்ல இது. வில்லேற்றம் பற்றிய விளக்கத்திலேயே இந்தச் சொல்லும் வர வேண்டும். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கேம்பருக்குப் பக்கச்சாய்வு என்று வைத்தால், கேஸ்டருக்கு உரிய அந்தத் திரும்பு கோட்டின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பின்சாய்வு என்று சொல்லலாம். முன்னோக்கிச் சாய்ந்தால் ‘எதிர்ப் பின்சாய்வு’ என்று இடிக்கிறது. இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பட்டறைச் சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது.