ஸ்கேண்டல் வெடிச்சா தான் ஜனங்க திரும்பி பாப்பாங்களா?

அலையாத்தி கேட்டது:

பிரிட்டன் போஸ்ட் ஆபிஸ் விவகாரம் பத்தி படிச்சதுலேர்ந்து ஒரு விஷயம் மண்டைய குடையுது. இங்க பத்திரிகை, மருந்து, சட்டம்னு பல துறைல இருக்குறவங்க இருக்கீங்க, அதான் கேக்குறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஃபுஜிட்சு கம்பெனியோட ஹொரைசன்ங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல கோளாறு. கிளை போஸ்ட் ஆபிஸ் நடத்துறவங்க கணக்குல பணம் குறையுதுன்னு காட்டும், நிர்வாகம் நீ தான் எடுத்துட்டன்னு கேஸ் போடும். 1999லேர்ந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. ஜெயிலுக்கு போனவங்க, வீட்ட இழந்தவங்க, உயிர விட்டவங்க கூட இருக்காங்க.

கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை 2009லயே இத எழுதிடுச்சு. 2019ல ஹைகோர்ட்டே சாஃப்ட்வேர நம்ப முடியாதுன்னு சொல்லிடுச்சு. 2021ல அப்பீல் கோர்ட் ஒரே நாள்ல 39 பேர் தண்டனைய ரத்து பண்ணுச்சு. ஆனா நாடே கொதிச்சது 2024 ஜனவரில, ஐடிவி சேனல் இத நாலு பாக டிராமாவா போட்டப்புறம் தான். போஸ்ட் ஆபிஸ் பழைய தலைமை அதிகாரியோட பட்டத்த பறிக்கணும்னு பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, அவங்களே பட்டத்த திருப்பி தர்றேன்னாங்க, மறுநாளே பிரதமர் தண்டனைங்கள ரத்து பண்ண தனி சட்டம் கொண்டு வர்றோம்னு அறிவிச்சாரு, மே மாசம் சட்டமே பாஸ் ஆயிடுச்சு. அத்தன வருஷம் நகராதது அஞ்சு மாசத்துல நகந்துடுச்சு.

என் கேள்வி இது தான். ஒரு சமூகப் பிரச்சினை பொதுப் பேச்சுக்கு வரணும்னா இப்படி ஏதாவது வெடிச்சே ஆகணுமா? அப்படி வர்ற கவனத்த நம்பி இருக்கலாமா?

முன்னாள் டெஸ்க்:

பத்திரிகை டெஸ்க்ல, அதாவது வந்த செய்திய எடிட் பண்ணி எந்த பக்கத்துல போடலாம்னு முடிவு பண்ற எடத்துல ரொம்ப காலம் உக்காந்தவன், அந்த பக்கத்துலேர்ந்து சொல்றேன். தகவல் இல்லாததுனால ஜனங்க சும்மா இருக்காங்கன்னு நெனைக்கிறோம், பாதி நேரம் தகவல் எல்லார் கண்ணு முன்னாடியும் தாங்க கெடக்கு.

டஸ்கிகி விஷயத்த எடுத்துக்கோங்க. அமெரிக்க அரசோட பொது சுகாதாரத் துறை 1932ல அலபாமாவுல ஆரம்பிச்சது, சிஃபிலிஸ்ங்கிற பால்வினை நோய் இருக்குற 399 கறுப்பின ஆம்பளைங்ககிட்ட உங்களுக்கு ரத்தம் கெட்டிருக்கு, வைத்தியம் பாக்குறோம்னு சொல்லிட்டு, உண்மைல வைத்தியம் பாக்காம நோய் எப்படி முத்துதுன்னு குறிச்சு வெச்சுட்டே இருந்தாங்க. பென்சிலின் வந்து எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சப்புறமும் இவங்களுக்கு மட்டும் குடுக்கல. இத ஒளிச்சு வெச்சா பண்ணாங்க? 1936லேர்ந்து மருத்துவ ஜர்னல்ல கட்டுரை மேல கட்டுரையா வந்துட்டே இருந்துச்சு, டாக்டருங்க படிச்சுட்டே தான் இருந்தாங்க. அந்தத் துறைலயே வேலை பாத்த பீட்டர் பக்ஸ்டன் 1966லயும் 1968லயும் மேலிடத்துக்கு எழுதி கேட்டாரு. 1969ல கமிட்டி போட்டு பேசி, தொடரட்டும்னு முடிவெடுத்தாங்க. கடைசில அவரு காகிதங்கள ஏபி செய்தி நிறுவனத்துக்கு குடுத்தாரு, அங்க நிருபரா இருந்த ஜீன் ஹெல்லர் எழுதுன செய்தி 1972 ஜூலை 25 வந்துச்சு. அந்த வருஷமே ஆராய்ச்சிய மூடுனாங்க, 1974ல மனுஷங்கள வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கு கட்டுப்பாடு போட்டு சட்டமே வந்துச்சு.

முப்பத்தாறு வருஷமா அச்சுல இருந்த விஷயம்ங்க. ஜர்னல் படிச்சவனுக்கு அது ஒரு டேபிள், சில நம்பர். பேப்பர் படிச்சவனுக்கு அது தெரிஞ்சே சாக விட்ட கொலை. ஸ்கேண்டல் பண்ற வேலையே இது தான், புது தகவல் எதையும் கொண்டு வராம கூட, யாரு தெரிஞ்சே விட்டாங்கன்னு கேக்க வெச்சிடும். டெஸ்க்லயும் இதே கணக்கு தான். குழாய்ல அழுக்கு தண்ணி வருதுன்னு செய்தி வந்தா உள் பக்கத்துல ஒத்த பத்தில சின்ன செய்தி. அழுக்கு தண்ணி வருதுன்னு இன்ஜினியர் எழுதுன லெட்டர பெரிய அதிகாரி கெடப்புல போட்டாருன்னு வந்தா முதல் பக்கம். தண்ணி என்னவோ அதே தண்ணி தான்.

நம்பலாமான்னு கேட்டீங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, ராஜினாமா வந்த அன்னைக்கு செய்தி செத்துடும். ஃபாலோ-அப் போடலாம்னு நிருபர் கேட்டா, அதான் ஆளு போயாச்சே இனிமே என்ன இருக்குன்னு தான் டெஸ்க்ல சொல்லுவாங்க, நானும் அந்த பேச்ச நிறைய கேட்டிருக்கேன். இது நிர்வாகங்களுக்கும் நல்லா தெரியும். அதனால யாராவது அவசரமா ராஜினாமா பண்ணா சந்தோஷப்படாதீங்க, அடுத்து எந்த கேள்விய தடுக்குறாங்கன்னு பாருங்க.

கசப்பு மருந்து:

நான் மருந்து தரக்கட்டுப்பாட்டுல இருக்கேன், எங்க துறை கதைய கேட்டா நம்பிக்கை வருமா போகுமான்னு நீங்களே சொல்லுங்க.

டைஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு கெமிக்கல். நிறமில்ல, கொழகொழன்னு இருக்கும், லேசா இனிப்பு. சிரப்ல சேக்க வேண்டிய கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் பக்கத்துல வெச்சா கண்ணால வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா விலை கம்மி. உள்ள போனா கிட்னிய அடிச்சிடும், குழந்தைக்கு மொதல்ல ஒண்ணுக்கு போறது நிக்கும், வீட்டுல இருக்குறவங்க காய்ச்சல்னால தண்ணி கம்மியாச்சு போலன்னு நெனைப்பாங்க, அதுக்குள்ள கைமீறி போயிடும். தடுக்குறது கஷ்டமான வேலையே இல்ல. மூலப்பொருள் டிரம் கம்பெனிக்குள்ள வந்ததும் ஒவ்வொரு டிரம்லேர்ந்தும் சாம்பிள் எடுத்து, உள்ள என்னென்ன கலந்திருக்குன்னு பிரிச்சு காட்டுற கேஸ் குரோமட்டோகிராஃபி மெஷின்ல ஓட்டணும், அவ்ளோ தான். சப்ளையர் குடுத்த சர்டிபிகேட்ட ஃபைல்ல போட்டுட்டு டிரம்ம நேரா உள்ள அனுப்புற எடத்துல தான் தப்பு நடக்குது.

இதோட முதல் பெரிய ஸ்கேண்டல் 1937ல அமெரிக்காவுல, சல்ஃபனிலமைட் எலிக்ஸிர்னு இந்த கெமிக்கல்ல கரைச்ச மருந்த குடிச்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க. அடுத்த வருஷமே சட்டம் வந்துச்சு, மருந்து பாதுகாப்பானதுன்னு காட்டிட்டு தான் விக்கணும்னு. பிரச்சினை முடிஞ்சிருக்கணும் இல்லையா? 1986ல மும்பை ஜேஜே ஆஸ்பத்திரில 14 பேர், லென்டின் கமிஷன் போட்டு அக்குவேறா ஆணிவேறா விசாரிச்சாங்க. 2022ல ஆப்பிரிக்க நாடான காம்பியாவுல 66 குழந்தைங்க, இந்தியாவுல செஞ்ச சிரப்னு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டுச்சு, உலகமே பேசுச்சு. அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா, 2023 ஜூன்லேர்ந்து ஏற்றுமதி ஆகுற இருமல் சிரப்ப அரசு அங்கீகரிச்ச லேப்ல டெஸ்ட் பண்ணணும்னு விதி போட்டாங்க. ஏற்றுமதிக்கு. 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருபதுக்கும் மேல குழந்தைங்க செத்தாங்க, உள்நாட்டுலயே வித்த சிரப், சாம்பிள்ல கிட்டத்தட்ட பாதி விஷம்.

இத டைப் பண்ணும்போதே கை நடுங்குது. காயம் எங்க தெரிஞ்சுதோ அங்க மட்டும் துணி சுத்தி அனுப்புன மாதிரி. ஸ்கேண்டல் வெளிநாட்டுல வெடிச்சுது, அதனால விதியும் வெளிநாட்டுக்கு போற பாட்டிலுக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பெனி, ஒரு ஓனர், ஒரு அரெஸ்ட், அதோட டிவி அடுத்த விஷயத்துக்கு போயிடும். ஒரு மாநிலத்துல எத்தன மருந்து ஆய்வாளர் இருக்காங்க, எத்தன போஸ்டிங் காலியா இருக்கு, ஒரு சாம்பிள் ரிசல்ட் வர எத்தன நாள் ஆகுதுன்னு யாராவது பிரைம் டைம்ல கேட்டு பாத்திருக்கீங்களா?

மொட்டமாடி:

கசப்பு மருந்து சார், கோவம் நியாயம் தான், ஆனா அந்த ஏற்றுமதி விதி கூட காம்பியா செய்தி ஆகலன்னா வந்திருக்காதுல்ல? அரை வேலைனாலும் நடந்தது ஸ்கேண்டலால தான். சத்தமே இல்லாம நல்லா மாறுன விஷயம்னு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

நித்யகல்யாணி:

மொட்டமாடி, யாரு அதுக்கு விலை குடுக்குறாங்கன்னும் பாக்கணும்ல.

கேரள சினிமா விஷயம் எடுத்துக்கோங்க. 2017ல ஒரு நடிகைக்கு நடந்த கொடுமைக்கப்புறம் சினிமால இருக்குற பெண்கள் டபிள்யூசிசி (விமன் இன் சினிமா கலெக்டிவ்)ன்னு அமைப்பு ஆரம்பிச்சு, அரசாங்கத்த கேட்டு, சினிமால பெண்கள் நிலைமைய விசாரிக்க நீதிபதி ஹேமா தலைமைல கமிட்டி வந்துச்சு. 2019 டிசம்பர்ல ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. வெளிய வந்தது 2024 ஆகஸ்ட், அதுவும் ஆர்டிஐ போட்டு போராடி தகவல் ஆணையம் உத்தரவு போட்டப்புறம், பல பகுதிய மறைச்சு. வந்த ஒரு வாரத்துல டிவிய பாத்தீங்கன்னா யாரு அந்த பெரிய நடிகர், யாரு பேரு வரும், அடுத்து யாரு, இதே தான். எட்டே நாள்ல நடிகர் சங்க நிர்வாகக் குழு கூண்டோட ராஜினாமா.

அந்த ரிப்போர்ட்ல இன்னொரு விஷயம் இருக்கு. ஷூட்டிங் ஸ்பாட்ல டாய்லெட் கெடையாது, துணி மாத்த ரூம் கெடையாது, ஒண்ணுக்கு போக எடமில்லைன்னு பெண்கள் நாள் முழுக்க தண்ணியே குடிக்காம இருக்காங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன் வருது. எழுத்துல காண்ட்ராக்ட் கெடையாது, ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கு சம்பளம் ஏஜென்ட் கைல. இதுக்கெல்லாம் பேரு தேட வேண்டாம், சாட்சி வேண்டாம், நாளைக்கே ஒரு சர்க்குலர் போட்டு ஆரம்பிக்கலாம். ஆனா பேனல் டிஸ்கஷன்ல யாருக்கும் டாய்லெட் பத்தி பேச ஆர்வம் இல்ல. மரியாதையா வேலை பாக்க ஒரு எடம் வேணும்னு கேட்டவங்களுக்கு பெரிய நடிகர் யாருன்னு ஒரு கேம் ஷோ கெடச்சுது. பேச வந்தவங்களையே இத்தன நாள் ஏன் சொல்லலன்னு கேட்டு கேட்டு நோகடிச்சாங்க. அடுத்த பொண்ணு வாய தொறப்பாளான்னு யோசிங்க.

அலையாத்தி:

எல்லாருக்கும் நன்றி, எதிர்பாத்ததுக்கு மேலயே வந்திருக்கு. அப்போ வேற மாதிரி கேக்குறேன். கவனம் கொஞ்ச நாள் தான் நிக்கும், ஆளு மேல தான் விழும், இது ரெண்டும் மாறாதுன்னு வெச்சுக்குவோம். அந்த கொஞ்ச நாள்ல உருப்படியா ஏதாவது நடக்குற கேஸுக்கும் நடக்காத கேஸுக்கும் என்ன வித்தியாசம்?

கசப்பு மருந்து:

நான் மேல சொன்ன 1937 கதைல பாதிய விட்டுட்டேன், பதில் அங்க தான் இருக்கு. அத்தன பேர் செத்தப்புறமும் அந்த கம்பெனி மேல விஷம் வித்ததுக்கு கேஸ் போட முடியல, ஏன்னா அப்போ இருந்த 1906 சட்டத்துல மருந்த டெஸ்ட் பண்ணிட்டு விக்கணும்னு எங்கயும் இல்ல. லேபிள்ல தப்பா பேர் போட்டாங்கன்னு தான் போட்டாங்க. அப்படி ஓட்டையா இருந்த எடத்துல ஒரே வருஷத்துல புது சட்டம் எப்படி வந்துச்சு? ஏன்னா அந்த மசோதா 1933லேர்ந்தே அமெரிக்க நாடாளுமன்றத்துல கெடந்துச்சு. மருந்து, காஸ்மெட்டிக்ஸ் கம்பெனிங்க நகரவே விடல. அரசோட உணவு, மருந்து நிர்வாகத்துல இருந்தவங்க விடாம, கண்ண குருடாக்குன இமை மை உட்பட ஊரு ஊரா ஆபத்தான பொருளெல்லாம் கண்காட்சியா வெச்சு காட்டிட்டு இருந்தாங்க, பெண்கள் அமைப்புங்க பின்னாடி நின்னாங்க. 1937 நடந்தப்போ கைல சட்ட வாசகம் ரெடி, ஆதரவு ரெடி, விடுபட்டத மட்டும் சேத்தாங்க.

முன்னாள் டெஸ்க்:

இதே தாங்க. ஸ்கேண்டல் வெடிச்ச அன்னைக்கு எங்க போன் யாருக்கு போகும் தெரியுமா, ஏற்கனவே அந்த விஷயத்துல ஃபைல் வெச்சிருக்குறவங்களுக்கு. அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு பேஜ் போகணும், தேட நேரம் இருக்காது. எந்த தேதில யாருக்கு எழுதுனோம், வாங்கிக்கிட்ட சீல் வெச்ச காப்பி எங்க, என்ன பதில் வந்துச்சு, எந்த விதில எந்த வரிய மாத்தணும், இதெல்லாம் ஒரு பக்கத்துல அடிச்சு வெச்சிருந்தா அது அப்படியே கட்டம் கட்டுன தனிக் குறிப்பா செய்திக்கு பக்கத்துல வந்துடும். ஆளு யாருன்னு மட்டும் ஓடிட்டு இருந்த செய்தி அங்கேர்ந்து திரும்பும்.

நித்யகல்யாணி:

அந்த ஒரு பக்கத்துல பாதிக்கப்பட்டவங்க சம்மதம் இல்லாம அவங்கள அடையாளம் காட்டுற எதுவும் வேண்டாம்னு மொதல் வரியா சேத்துக்கோங்க. எங்க குரூப்ல ஒண்ணு தயார் பண்ணிட்டு இருக்கோம், டாய்லெட், காண்ட்ராக்ட், சம்பளம் மூணும் மேல, மத்ததெல்லாம் கீழ. சார், உங்களால ஒரு தடவை படிச்சு டெஸ்க் கண்ணோட வெட்டி குடுக்க முடியுமா?

முன்னாள் டெஸ்க்:

அனுப்புங்கம்மா. ஞாயித்துக்கெழம உக்காந்து பாத்துடுறேன்.