தினமும் ஆபீஸ், எப்பவாவது வால்பாறை: கிளாசிக் 350 எடுக்கலாமா?

சிங்கை ரைடர்:
வணக்கம்ங்க. கோவை சிங்காநல்லூர்ல இருந்து ஹோப்ஸ், விளாங்குறிச்சி வழியா சரவணம்பட்டி ஆபீஸ், தினமும் இதான் ஓட்டம். சாயந்திரம் அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், சேலைல ஒருபக்கமா காலைப் போட்டுதான் உக்காருவாங்க. எப்பவாவது ஃப்ரெண்ட்ஸோட வால்பாறை. ஹைட் 5 அடி 4. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மேல ரொம்ப நாள் ஆசை, வீட்ல 125 சிசி வண்டியே போதும்ங்கறாங்க. என்ன பண்ணலாம்?

புல்லட் பிரியன்:
ஆசைப்பட்டத எடுங்க ப்ரோ. பொள்ளாச்சி ரோட்ல 80ல சீரா போறப்ப அந்த சுகம் வேற எதுலயும் கிடைக்காது.

பீளமேடு அண்ணன்:
தம்பி, சுகம் உண்மைதான், ஆனா நீங்க தினமும் நிக்கப்போறது ஹோப்ஸ் சிக்னல்ல. கிளாசிக் 195 கிலோ, அதுக்கு பதிலா நான் சொல்ற ஹோண்டா யூனிகார்ன் (160 சிசி) சுமார் 140 கிலோ, சீட் உயரம் ரெண்டும் கிட்டத்தட்ட 80 செமீ தான், அதனால பேப்பர்ல பாத்தா ஒண்ணு போல இருக்கும், ஆனா அம்மாவ பின்னாடி உக்கார வெச்சு மண்ணு கிடக்கற ரோட்டோரத்துல ஒரு கால் ஊனி நிக்கறப்பதான் அந்த 55 கிலோ தெரியும். பார்க்கிங்ல பின்னால தள்ளி எடுக்கறப்பவும் அதே கதைதான்.

வால்பாறைக்கு 350 வேணும்னு இல்ல, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, 160 சிசி தாராளமா ஏறும். ரெண்டு பேரா போனா 125 கொஞ்சம் திணறும், செகண்ட் கியர்லயே கிடக்கணும். இறங்கறப்பதான் கவனம், பிரேக்கையே மிதிச்சுட்டு வராம செகண்ட்ல போட்டு இன்ஜின்லயே புடிச்சு இறங்குங்க. 125 சிசிக்கு மேல இருக்கற வண்டிக்கு ஏபிஎஸ் (பிரேக் அடிக்கறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) 2019லயே கட்டாயம் ஆயிடுச்சு, மழைல வழுக்கற மலை ரோட்டுக்கு அதுவே பெரிய காரணம்.

சேலை பில்லியன்:
அம்மாவ ஷோரூமுக்கு கண்டிப்பா கூட்டிட்டு போங்க தம்பி. கால் வைக்க லேடீஸ் ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்துல சிக்காம தடுக்கற சாரி கார்டு, பிடிச்சுக்க கம்பி மூணும் சரியா இருக்கான்னு அவங்க உக்காந்து பாத்து சொல்லட்டும். பின்சீட் பின்னால தூக்கலா இருந்தா பிரேக் அடிக்கறப்பல்லாம் முன்னாடி சரிஞ்சு வருவோம், முதுகு போயிடும். மூட்டு வலி இருந்தா ஏறி இறங்கறதே பெரும்பாடு.

சிங்கை ரைடர்:
அம்மாவுக்கு மூட்டு வலி இருக்குங்க, இத நான் யோசிக்கவே இல்ல. சனிக்கிழமை அவங்களோட போய் யூனிகார்ன் டெஸ்ட் ரைடு கேக்கறேன்.

பீளமேடு அண்ணன்:
கடை முன்னாடி ஒரு ரவுண்டு மட்டும் போதாது தம்பி, அம்மாவ வெச்சு ஒரு யு-டர்ன் போட்டுப் பாருங்க.