கால்வெஸ்டன் 1900: எச்சரிக்கை வரவில்லையா, காதில் வாங்கவில்லையா?

முகிலன்:
டெக்சாஸ் கரையோரத் தீவு நகரம் கால்வெஸ்டன். 1900 செப்டம்பர் 8 புயலில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். பழி முழுக்க அந்த ஊர் வானிலை அதிகாரி ஐசக் க்ளைன் தலையில். பெரும்புயல் இந்த ஊரை அழிக்கும் என்பது வெறும் பிரமை என்று 1891இல் உள்ளூர் நாளிதழில் அவர் எழுதியது உண்மைதான். ஆனால் நடுக்கடலில் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்ல அன்று கப்பல்களில் வயர்லெஸ் ஏது? இன்று உட்கார்ந்துகொண்டு அவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

தாமரை:
வயர்லெஸ் எதற்கு, இண்டியனோலா போதாதா? அதே கரையில் தென்மேற்கே இருந்த துறைமுகம். 1875இல் ஒரு புயல், 1886இல் இன்னொன்று, அதோடு ஊரையே கைவிட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பயத்தில் கால்வெஸ்டனில் கடற்சுவர் பேச்சு எழுந்தது, அப்புறம் கிடப்பில் போட்டார்கள். ஊரின் மிக உயரமான இடமே 9 அடிகூட இல்லை. வந்த தண்ணீரோ 15 அடிக்கு மேல்.

க்ளைன் சொன்ன காரணம் இன்னும் மோசம். கரையோரம் ஆழம் குறைவு, அலை அங்கேயே உடைந்து அடங்கிவிடும் என்றார். நடப்பது நேர்மாறு: காற்று தள்ளிவரும் தண்ணீர் அடியில் திரும்பிப் போக ஆழமில்லாமல் மேலே குவியும்.

முகிலன்:
ஊரை ஏமாற்ற நினைத்தவர் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பாரா? அன்றிரவு கர்ப்பிணி மனைவியையே பறிகொடுத்தார். நம்பித்தான் எழுதினார்.

தாமரை:
நம்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் நம்பியதை ஊரும் நம்பியது, அதுதான் மனசைப் பிசைகிறது. கியூபா வானிலையாளர்கள் புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் மேற்கே போகும் என்று கணித்தார்கள். வாஷிங்டனில் இருந்த அமெரிக்க வானிலைத் தலைமையகமோ அட்லாண்டிக் பக்கம் திரும்பும் என்றது. கியூபாவிலிருந்து வரும் புயல் தந்திகளுக்கு அப்போது தடையே போட்டிருந்தார்கள்!

செல்வம், ஹூஸ்டன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கால்வெஸ்டன் போகும்போதெல்லாம் செயின்ட் மேரி அநாதை இல்லம்தான் எனக்கு நினைவுக்கு வரும். துணி காயப்போடும் கயிற்றால் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள் 10 கன்னியாஸ்திரிகள். 93 பிள்ளைகளில் பிழைத்தது 3 பையன்கள், ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு.

17 அடிக் கடற்சுவரின் முதல் பகுதியை 1902இல் தொடங்கி 1904இல் முடித்துவிட்டார்கள். அப்புறம் மண் கொட்டி ஊரையே உயர்த்தினார்கள். ஆஷ்டன் வில்லா மாளிகையின் இரும்பு வேலி பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். முகிலன், 2 வருஷத்தில் முடிந்த சுவர் அது. 1886க்கும் 1900க்கும் நடுவே 14 வருஷம் இருந்தது.

முகிலன்:
சுவர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கு ஊரை நடத்தியவர்களுடையது. க்ளைன் ஒருவர் தலையில் கட்டுவதை மட்டும் இப்போதும் ஏற்கமாட்டேன்.