[1]-ஐ [] ஆக்கியதும் ஓரிடத்தில் ஒரு பைட் கூடுகிறது, இன்னோரிடத்தில் நாலு பைட் குறைகிறது (கர்னல் 6.6, நீர்மட்ட டிரைவர்)

வெண்ணாறு தலைப்பு கேட்டது:

தலைமதகில் பொருத்துகிற நீர்மட்ட ரேடார் சென்சாருக்கான டிரைவர் இது. ஆர்எஸ்485 கம்பி, 32 பிட் ஆர்ம் போர்டு, ரேம் 512 எம்பி. கர்னல் சோர்ஸுக்கு வெளியே தனி மாட்யூலாக இருக்கிறது. 5.15-இல் பல வருடம் சத்தமில்லாமல் ஓடியது. கர்னலை 6.6-க்கு மாற்றி, ஜிசிசி 13 கம்பைலரில் பில்டு செய்ததும் டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) இரண்டு புகார்கள் வருகின்றன.

ஒன்று, யூபிசான் (அரே வரம்பு மீறலைப் பார்க்கும் கர்னல் சோதனை): யூ8 [1] வகைக்கு இண்டெக்ஸ் 1 வரம்புக்கு வெளியே என்கிறது.
இரண்டு, மெம்காப்பி (பைட்களை நகலெடுக்கும் ஃபங்ஷன்; இதைச் சோதிப்பது ஃபோர்டிஃபை): 1 பைட் ஃபீல்டில் 11 பைட் எழுதப்படுகிறது என்கிறது.

சென்சார் ஃப்ரேமுக்கான ஸ்ட்ரக்ட்:

யூ16 லென்; யூ8 டைப்; யூ8 டேட்டா[1];

ஒரு நாள் அளவீடுகளுக்கான ஸ்ட்ரக்ட் (15 நிமிடத்துக்கு ஒன்று, மொத்தம் 96):

யூ32 எண்ணிக்கை; யூ32 அளவு[1];

இரண்டிலும் [1]-ஐ எடுத்துவிட்டு வெறும் [] போட்டேன். இரண்டு புகாரும் நின்றுவிட்டன. ஆனால் புதிதாக இரண்டு பிரச்சினை.

அ) ஃப்ரேமின் நீளத்துக்கு ஸ்ட்ரக்ட்_சைஸ் (சைஸ்ஆஃபோடு அரேயின் நீளத்தையும் கூட்டித் தரும் மேக்ரோ) போட்டேன். இப்போது கட்டளை அனுப்பினால் சென்சார் பதில் தருவதே இல்லை. லாஜிக் அனலைசரில் பார்த்தால் கடைசியில் ஒரு பைட் கூடுதலாகப் போகிறது.

ஆ) அளவீட்டு ஸ்ட்ரக்டுக்கு மெமரி வாங்கும் கேமாலாக் வரியை மாற்றவில்லை, சைஸ்ஆஃப் + (96 - 1) × 4 என்று பழையபடியே இருக்கிறது. கேசான் (மெமரிப் பிழை கண்டுபிடிக்கும் சோதனை) போட்ட கர்னலில் மட்டும், 384 பைட் பகுதியின் முடிவுக்கு 0 பைட் வலப்பக்கம் 4 பைட் எழுதப்பட்டது என்று வருகிறது. கேசான் இல்லாத கர்னலில் 96 அளவும் சரியாகவே திரும்பி வருகின்றன. இது பொய்ப் புகாரா?

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்துவிட்டால் அப்புறம் மதகில் போய்க் கைவைக்க முடியாது. அதுவரைக்கும் யூபிசான், ஃபோர்டிஃபை இரண்டையும் கான்ஃபிகில் அணைத்துவிட்டு பழைய [1]-உடன் ஓட்டலாமா?

---

கதவணை எழுதியது:

அணைக்காதீர்கள் தம்பி. கேசான் சொல்வது பொய்யும் இல்லை.

முதலில், 5.15-இல் வராத புகார் ஏன் இப்போது வருகிறது என்று பார்ப்போம். ஸ்ட்ரக்டின் கடைசியில் இருக்கிற அரே எந்த அளவில் இருந்தாலும் "இது நீளக்கூடியதாக இருக்கலாம்" என்று கம்பைலர் முன்பெல்லாம் விட்டுக்கொடுத்தது. மெம்காப்பி ஒரு ஃபீல்டைத் தாண்டுகிறதா என்று ஓடும்போது பார்க்கிற சோதனை 6.1-இல் வந்தது. 6.5-இலிருந்து கர்னலின் மேக்ஃபைல் ஸ்ட்ரிக்ட்-ஃப்ளெக்ஸ்-அரேஸ் = 3 என்ற கொடியைப் போடுகிறது. வெளி மாட்யூலும் கர்னலின் கொடிகளோடுதான் பில்டு ஆகும், அதனால் உங்கள் டிரைவருக்கும் அது பொருந்தும். இனி [1] என்றால் ஒன்றுதான், [] என்று எழுதினால் மட்டுமே நீளும்.

கேமாலாக்கில் எவ்வளவு இடம் வாங்கினீர்கள் என்பது வேறு கணக்கு. பட்டாவில் ஒரு மா என்று எழுதிவிட்டுப் பதினோரு மா உழுதால், நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும் அளக்க வருகிறவர் பட்டாவைத்தான் பார்ப்பார். [1] என்பது அந்தப் பட்டா. நிலத்தையும் பட்டாவையும் ஒன்றாக்குவதுதான் இங்கே வேலை.

இப்போது (ஆ). யூ32 அளவு[1] இருந்தபோது சைஸ்ஆஃப் 8. அதனால் 8 + 95 × 4 = 388, தேவையும் 4 + 96 × 4 = 388. கணக்கு சரி. [] ஆக்கியதும் சைஸ்ஆஃப் 4 ஆகிவிட்டது. பழைய வரியில் 4 + 95 × 4 = 384 மட்டுமே கிடைக்கிறது. 96-ஆவது அளவு வாங்காத இடத்தில் போய் உட்காருகிறது. கேசான் காட்டிய 384-ம் 4-ம் அதுதான்.

கேசான் இல்லாதபோது ஏன் தெரியவில்லை? 384 கேட்டால் ஸ்லப் (கர்னலில் மெமரியைப் பங்கிடும் பகுதி) 512 பைட் அறையிலிருந்து கொடுக்கிறது. மீதி 128 பைட் சும்மா கிடப்பதால் நாலு பைட் தாண்டியது யாரையும் தொடவில்லை. நாளைக்கு யாராவது ரிங் பஃபருக்கு வசதி என்று 96-ஐ 128 ஆக்கினால், அதே தவறான வரி சரியாக 512 வாங்கும். கடைசி அளவு அடுத்த அறைக்காரரின் முதல் நாலு பைட்டை அழிக்கும். அங்கே இருப்பது ஒரு பாயிண்டராக இருந்தால், சம்பந்தமே இல்லாத இன்னொரு டிரைவரில் ஊப்ஸ் (கர்னல் பிழை) விழும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கொடுமை.

வரியை கேஇசட்அலாக்(ஸ்ட்ரக்ட்_சைஸ்(ஹிஸ்ட், அளவு, 96), ஜிஎஃப்பி_கர்னல்) என்று மாற்றுங்கள். "மைனஸ் ஒன்று" இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் கிரெப் செய்து தேடுங்கள்: கேமாலாக், மெம்செட், காப்பி_டு_யூசர், அனுப்பும் நீளம், வந்த நீளத்தின் சோதனை. டிக்ளரேஷனை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை மாற்றாமல் விட்டால், வெறும் எச்சரிக்கையாக இருந்ததை நிஜப் பிழையாக ஆக்கியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். உங்களுக்கு (ஆ)-வில் நடந்தது அதுவே.

(அ) இதற்கு நேர் எதிர். யூ16 இருப்பதால் ஸ்ட்ரக்டின் அலைன்மென்ட் 2. டேட்டா 3-ஆவது பைட்டில் தொடங்குகிறது. [1] இருந்தபோது 2 + 1 + 1 = 4. [] ஆனபின் 2 + 1 = 3 என்று நினைப்போம், ஆனால் அலைன்மென்டுக்காகக் கம்பைலர் ஒரு பைட் பேடிங் சேர்த்துத் திரும்பவும் 4 ஆக்குகிறது. ஸ்ட்ரக்ட்_சைஸ் இந்த 4-இலிருந்துதான் கூட்டும். இடம் வாங்க அது போதும், ஒரு பைட் வீண், அவ்வளவே. கம்பியில் அனுப்புகிற நீளமாக அதை வைத்தால் ஒரு பைட் கூடும். கேமாலாக்கில் வாங்கியிருந்தால் அந்தப் பைட்டில் யாரோ விட்டுப்போன பழைய கர்னல் மெமரி இருக்கும், அதுவும் வெளியே போகிறது.

மாட்யூல் ஃபைல் மேல் பாஹோல் (ஸ்ட்ரக்டின் அமைப்பைக் காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்கள்: டேட்டா ஆஃப்செட் 3, மொத்த அளவு 4 என்று காட்டும். அனுப்பும் நீளத்துக்கு ஆஃப்செட்ஆஃப்(டேட்டா) + n எழுதுங்கள்.

---

மன்னை தெற்கு எழுதியது:

கதவணை அண்ணே சொன்ன கணக்கு எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கம்பியில் போகிற ஃப்ரேம் என்றால் ஸ்ட்ரக்டுக்கு __பேக்ட் (பேடிங் வேண்டாம் என்ற குறிப்பு) போடுவதே முறை. போட்டால் சைஸ்ஆஃப் 3 ஆகும், ஸ்ட்ரக்ட்_சைஸும் சரியான நீளத்தையே தரும். ஆஃப்செட்ஆஃப் என்று இன்றைக்கு எழுதுகிறவர் தெரிந்து எழுதுவார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து சைஸ்ஆஃப் போட்டுவிடுவார். எந்த வழி எடுத்தாலும் கீழே இரண்டு ஸ்டாட்டிக்_அசெர்ட் வையுங்கள்: சைஸ்ஆஃப் (__பேக்ட் என்றால் 3, இல்லாவிட்டால் 4), டேட்டாவின் ஆஃப்செட் 3. யாராவது நடுவில் ஒரு ஃபீல்டைச் சேர்த்தால் பில்டிலேயே நிற்கும்.

அளவீட்டு ஸ்ட்ரக்ட் ஐஆக்டல் வழியாக யூசர் ஸ்பேஸுக்குப் போகிறதா? போனால் [] ஆக்கியது பழைய புரோகிராம்களை உடைக்கும். அவை 8 பைட் சைஸ்ஆஃபோடு கம்பைல் ஆனவை. அந்த ஹெடரில் மட்டும் ஒரு யூனியன் போட்டு, உள்ளே பழைய அளவு[1]-ஐ அப்படியே விட்டு, பக்கத்தில் __டிக்ளேர்_ஃப்ளெக்ஸ்_அரே கொண்டு இன்னொரு பெயரில் நீளக்கூடிய அரே வையுங்கள். சைஸ்ஆஃப் 8-ஆகவே இருக்கும். கர்னல் பக்கம் புதிய பெயரில் எழுதலாம். இங்கே ஸ்ட்ரக்ட்_சைஸ் நாலு பைட் அதிகமாகச் சொல்லும், அது தெரிந்து கையாளுங்கள்.

எண்ணிக்கை யூசர் ஸ்பேஸிலிருந்து வருகிறது என்றால் இன்னொன்று. 32 பிட்டில் 1,07,37,41,824-ஐ நாலால் பெருக்கினால் 0 ஆகிவிடும். கையால் பெருக்கினால் நாலு பைட் வாங்கிவிட்டு ஜிகாபைட் எழுதப் போவீர்கள். ஸ்ட்ரக்ட்_சைஸ் அப்படிச் சுற்றிவராது. உச்ச எண்ணில் நின்றுவிடும், கேமாலாக் தோற்கும், நீங்கள் இனோமெம் (மெமரி இல்லை என்ற பிழை) திருப்பலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சென்சாரிலிருந்து வருகிற லென்னை நம்பக்கூடாது. ஷட்டர் மேடையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு நீளமான ஆர்எஸ்485 கம்பி. முனையில் 120 ஓம் இல்லாவிட்டாலோ, ஐப்பசி இடி மின்னலிலோ லென் பைட் கெட்டு வரும். லென்னை ஒரு உள்ளூர் மாறியில் ஒரே ஒரு தடவை படியுங்கள். அது உங்கள் உச்சவரம்பைத் தாண்டுகிறதா, இதுவரை வந்த பைட்களைத் தாண்டுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். சரியாக இருந்தால்தான் மெம்காப்பி. திரும்பவும் பஃபரிலிருந்து படித்தால் சோதித்தது ஒன்று, பயன்படுத்துவது ஒன்று என்று ஆகும். கம்பைலர் தருகிற எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

---

வெண்ணாறு தலைப்பு எழுதியது:

ஃப்ரேமில் __பேக்ட் போட்டேன், சைஸ்ஆஃப் 3, சென்சார் பதில் தருகிறது. அளவீட்டில் ஸ்ட்ரக்ட்_சைஸ், கேசான் அமைதி. ஹெடர் யூசர் ஸ்பேஸுக்குப் போகவில்லை, அதனால் யூனியன் தேவைப்படவில்லை. நன்றி.

அரேயின் நீளம் எந்த ஃபீல்டில் இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் __கவுண்டட்_பை(எண்ணிக்கை) சேர்த்தால் இண்டெக்ஸ் சோதனையும் வரும் என்று படித்தேன். சேர்த்தேன்; ஜிசிசி 13-இல் எந்த மாற்றமும் இல்லை. பயனில்லை என்றால் எடுத்துவிடலாமா? மதகில் ஓடப்போகும் கர்னலில் எந்தச் சோதனைகளை வைத்திருக்கலாம்?

---

திருவையாறு மேற்கு எழுதியது:

எடுக்காதீர்கள். 6.6-இல் அந்த மேக்ரோ இருக்கிறது, ஆனால் ஜிசிசி 13-க்கு அது வெற்று. ஜிசிசி 15-இலிருந்து உயிர் வரும். கிளாங் பக்கம் 19.1.3-இலிருந்து கர்னல் அதை ஏற்கிறது. எனவே இன்றைக்கு வரிசைத் தவறு இருந்தாலும் சத்தம் வராது, கம்பைலர் மாறும் நாளில்தான் வரும். இப்போதே சரி பாருங்கள்.

விதி இதுதான்: அரேயைத் தொடுவதற்கு முன் எண்ணிக்கை சரியான மதிப்பில் இருக்க வேண்டும். கேஇசட்அலாக் எல்லாவற்றையும் பூஜ்ஜியம் ஆக்குவதால், மெம்காப்பி செய்துவிட்டுப் பிறகு எண்ணிக்கை = 96 என்று எழுதினால், காப்பி நடக்கும் நேரத்தில் அரே பூஜ்ஜிய நீளம் உள்ளதாகவே தெரியும். வாங்கிய உடனே, அடுத்த வரியிலேயே எண்ணிக்கையை எழுதுங்கள்.

அளவு ஒவ்வொன்றாகச் சேர்கிற இடத்தையும் பாருங்கள். அளவு[எண்ணிக்கை++] = மதிப்பு என்று பலர் எழுதுவார்கள். எண்ணிக்கை 5 என்றால் செல்லுபடியாகும் இண்டெக்ஸ் 0 முதல் 4 வரை. நீங்கள் தொடுவது 5. முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பிறகு அளவு[எண்ணிக்கை - 1]-இல் எழுதுங்கள். குறைக்கும்போது தலைகீழ்: கடைசியைப் படித்து முடித்த பிறகு குறைக்கவும். "எத்தனை நிரம்பியது" என்பதும் "எத்தனைக்கு இடம்" என்பதும் உங்கள் கோடில் ஒரே ஃபீல்டில் இருந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கவுண்டட்_பை சேர வேண்டியது இடத்தின் எண்ணோடு; அப்போது மேலே சொன்ன கூட்டல் குறைத்தல் தொல்லையே இருக்காது.

ஃப்ரேமின் லென் பெரிய எண்டியனாக (மேல் பைட் முதலில்) இருந்தால் வெறும் கவுண்டட்_பை போடக்கூடாது, பைட் வரிசை மாறிப்போய் 11 என்பது 2816 ஆகத் தெரியும். அதற்கான தனி மேக்ரோக்கள் பிந்தைய கர்னல்களில் உள்ளன; 6.6-இல் ஃப்ரேமை அப்படியே விடுங்கள்.

மேஜையில் சோதிக்கும் கர்னல்: கேசான் ஜெனரிக், யூபிசான் பவுண்ட்ஸ், ஃபோர்டிஃபை. 32 பிட் ஆர்மில் கேசான் 5.11-இலிருந்து உண்டு. நிழல் மெமரிக்கு எட்டில் ஒரு பங்கு போகும், உங்கள் 512-இல் 64 எம்பி. கேசான் முதல் புகாரோடு வாயை மூடிக்கொள்ளும். பூட் வரியில் கேசான்_மல்டி_ஷாட் சேர்த்தால்தான் மற்றவையும் தெரியும். மெம்காப்பி எச்சரிக்கையும் ஓரிடத்துக்கு ஒருமுறைதான் அச்சாகும். லாகில் ஒன்றே இருப்பதால் ஒருமுறைதான் நடந்தது என்று நினைக்க வேண்டாம், சரி செய்த பிறகு ரீபூட் செய்து பாருங்கள். யூபிசான் ட்ராப் இப்போது வேண்டாம், அது விவரம் சொல்லாமல் நேராக ஊப்ஸில் போடும்.

சோதனை உண்மையில் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புகார் வராததற்குக் காரணம் கோட் சரியானதா, கான்ஃபிக் விட்டுப்போனதா? எல்கேடிடிஎம் (வேண்டுமென்றே பிழை உண்டாக்கும் சோதனை மாட்யூல்) போட்டு, டீபக்எஃப்எஸ்ஸில் ப்ரொவோக்-க்ராஷ் அடைவில் உள்ள டைரக்ட் ஃபைலில் அரே_பவுண்ட்ஸ் என்று எக்கோ செய்யுங்கள். யூபிசான் கத்தினால் சோதனை உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு உங்கள் டிரைவருக்கு லென் 0, 1, உச்சம், உச்சத்துக்கு ஒன்று மேல், பாதியில் அறுந்த ஃப்ரேம் என்று ஐந்தையும் கொடுங்கள்.

மதகில் ஓடும் கர்னல்: ஃபோர்டிஃபையும் யூபிசான் பவுண்ட்ஸும் இருக்கட்டும், கேசானை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் கேஃபென்ஸ். 5.12-இலிருந்து இருக்கிறது, இயல்பில் 255 பொருட்கள், 4 கேபி பக்கத்தில் மொத்தம் 2 எம்பிதான் பிடிக்கும், 100 மில்லிசெகண்டுக்கு ஒரு ஒதுக்கீட்டைக் காவலில் வைக்கும். உடனே பிடிக்காது, ஆனால் குறுவை, சம்பா என்று மாதக்கணக்கில் ஓடுகிற பெட்டியில் அரிதான பிழையும் ஒரு நாள் அதில் சிக்கும்.

பேனிக்_ஆன்_வார்ன் (எச்சரிக்கை வந்தாலே கர்னலை நிறுத்தும் அமைப்பு) மேஜையில் 1, மதகில் 0. ஆள் இல்லாத இடத்தில் ஓர் எச்சரிக்கைக்காகப் பெட்டி செத்துக் கிடக்கக் கூடாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: யூபிசான் புகாரும், ஃபீல்டைத் தாண்டிய மெம்காப்பி புகாரும் சொல்லிவிட்டு எழுத்தை நடக்க விட்டுவிடும், தடுக்காது. முழுப் பொருளின் அளவையே தாண்டுவது தெரிந்தால் மட்டும் ஃபோர்டிஃபை நிறுத்தும். எனவே மதகிலிருந்து டிமெசேஜை பிஸ்டோரில் (ரீபூட்டிலும் அழியாத பதிவிடம்) சேமித்து, நீர்மட்டத் தரவோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். பூட் வரியில் பேனிக்=10 போட்டு ஹார்ட்வேர் வாட்ச்டாகையும் இயக்கிவிட்டால், கர்னல் பேனிக்கில் விழுந்தாலும் பத்து வினாடியில் ரீபூட் ஆகத் தொடங்கும்; விழுந்ததற்கான காரணமும் பிஸ்டோரில் இருக்கும்.