அம்மாவின் அனியூரிசம்: இங்கேயா, வேலூரா?

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் எங்களோடு இருக்கிறார். தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் மூளை ரத்தக்குழாயில் 7 மில்லிமீட்டர் அனியூரிசம் (குழாய்ச் சுவர் பலூன் போல வீங்கியிருப்பது) தெரிந்தது. வெடிக்கவில்லை, சாமி புண்ணியம்.

மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடலாம், இல்லையென்றால் தொடை வழியாகக் குழாய் செலுத்தி பிளாட்டினம் சுருளை நிரப்பலாம் என்றார் மருத்துவர். ரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும் ஸ்டென்டும் (வலைக்குழாய்) உண்டாம். அதற்கு ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் பல மாதம் சாப்பிட வேண்டும். சுருள் என்றால் பிறகும் அவ்வப்போது ஸ்கேன்.

அம்மா நீண்டகால விசிட் பாஸில் இருப்பதால் மெடிஷீல்டு லைஃப் (அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி) கிடையாது, மானியமும் இல்லை. என் மெடிசேவில் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எடுக்கலாம், அதற்கும் வரம்பு இருக்கிறது. மாமாவோ "வேலூருக்குக் கூட்டிட்டு வா" என்கிறார். (சளி பிடித்தாலும் அவருக்கு வேலூர்தான்.)

ஊரில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் கழித்து விமானம் ஏற விட்டார்கள்? அப்புறம், அங்கே செய்ததை இங்குள்ள மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்களா? எனக்கு அதுதான் பெரிய கவலை. மொத்தச் செலவையும் தோராயமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.