சோனியின் மூவ், வீயைப் பார்த்து அடித்த காப்பியா?

கட்டைவிரல்:
2006 நவம்பரில் கையை அசைத்து விளையாடும் வீடியோ கேம் கருவியான நிண்டெண்டோவின் வீ வந்தது, 10 கோடிக்கு மேல் விற்றது. 2010 செப்டம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3-க்கு, அதே மாதிரி கையை அசைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் மூவைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு கையில் ரிமோட், மறு கையில் நன்சக் என்ற துணைக் கன்ட்ரோலர். இங்கே ஒரு கையில் நுனியில் ஒளிரும் உருண்டை வைத்த குச்சி, மறு கையில் நேவிகேஷன் கன்ட்ரோலர். அப்பட்டமான காப்பி.

நீலக்குமிழ்:
நண்பரே, வெளித்தோற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். வீயில் கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. டிவி மேல் வைக்கும் சென்சார் பார் எதையும் உணர்வதில்லை, அதில் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள்தான். மூவில் இது தலைகீழ்: கேமரா டிவி பக்கம், விளக்கு கையில். அந்த ஒளிரும் உருண்டையை அழகுக்காக வைக்கவில்லை. எப்படித் திருப்பினாலும் உருண்டை கேமராவுக்கு வட்டமாகத்தான் தெரியும். வட்டம் பெரிதானால் கை அருகில் வந்திருக்கிறது, சிறுத்தால் விலகியிருக்கிறது. இந்தக் கணக்கு சோனியின் சொந்தச் சரக்கு. 2003-லேயே பிளேஸ்டேஷன் 2-க்கு ஐடாய் கேமரா விட்டார்களே! அதை உருவாக்கிய ரிச்சர்ட் மார்க்ஸ், வீ வருவதற்கு முன்பே வண்ணப் பந்து பொருத்திய குச்சியைக் கேமரா பின்தொடர்வதைச் செய்துகாட்டியவர். மூவின் பின்னாலும் அவர்தான்.

கட்டைவிரல்:
கையில் சரக்கு இருந்தது, சரி. ஏன் வெளியே விடவில்லை? 2005 மே மாத இ3 வீடியோ கேம் கண்காட்சியில் பிளேஸ்டேஷன் 3-க்குச் சோனி காட்டியது பூமராங் வடிவக் கன்ட்ரோலர். அசைவைப் பற்றிப் பேச்சே இல்லை. செப்டம்பரில் டோக்கியோவில் நிண்டெண்டோ தலைவர் இவாட்டா வீ ரிமோட்டைக் காட்டினார். அடுத்த மே மாதம் சோனியிடம் திடீரென்று சிக்ஸாக்சிஸ் கன்ட்ரோலர், அசைவு உணரியோடு! இதைத் தற்செயல் என்று நம்பச் சொல்கிறீர்களா?

நீலக்குமிழ்:
சிக்ஸாக்சிஸில் கை திரும்புவதை அளக்கும் கைரோ இருந்தது. 2006 வீ ரிமோட்டில் அசைவை உணர, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி மட்டும்தான். நிண்டெண்டோ கைரோவைச் சேர்த்தது 2009-இல், ரிமோட்டில் மாட்டும் மோஷன்பிளஸில். மூலத்தில் இல்லாதது காப்பியில் எப்படி வந்தது?

சாய்கோணம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். சாய்த்து விளையாடுவது இவர்கள் இருவருக்கும் முந்தையது. மைக்ரோசாஃப்ட் 1998-லேயே சைட்விண்டர் ஃப்ரீஸ்டைல் புரோ என்ற சாய்வு உணரும் கேம்பேடை விற்றது. வீயின் முடுக்கமானியும் நிண்டெண்டோ செய்ததில்லை, அனலாக் டிவைசஸ் செய்த சிப். உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட்டில் ஆழம் அறியும் நுட்பம் இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் கொடுத்தது. சிப் மலிவாகிக் கடைக்கு வந்தால் எல்லோரும்தான் எடுப்பார்கள். என்னைக் கேட்டால் சோனி தனியாகத்தான் உருவாக்கியது. ஆனால் துணிச்சல் வந்தது வீயின் விற்பனையைப் பார்த்த பிறகு.

கட்டைவிரல்:
சகோ, நான் சொல்வதும் அந்தத் துணிச்சலைத்தான். சர்க்யூட்டைக் காப்பியடித்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை. எதை விற்பது, யாருக்கு விற்பது என்ற முடிவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் வந்த வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டில் வில்வித்தை, டேபிள் டென்னிஸ், தட்டு எறிந்து ஆடும் கோல்ஃப், வாள்சண்டை. மறு வருடம் மூவோடு வந்த ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸில் வில்வித்தை, டேபிள் டென்னிஸ், அதே தட்டு கோல்ஃப், கிளாடியேட்டர் சண்டை. கேமராவை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்பது இந்தப் பட்டியலுக்குப் பதிலாகாது.